விடியல் வசனம் கேட்ட அனுமதி

2 ஜூலை, செவ்வாய்

இன்று நம் வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம். இருந்தவர்கள்: ஐயரம்மா (போதகரின் மனைவி, கூட்டத்தை நடத்தினார்கள்), பொன்மலர் டீச்சர், அடுத்த வீட்டு லில்லி, பின்தெரு ரஞ்சிதம், செயலாளராகிய நான். என் வீட்டுக்காரர் ரூபன் அப்பா உள் அறையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்கள், அவர்களைச் சேர்க்கவில்லை. சுண்டல் மிஞ்சவில்லை.

பாட்டும் வேதவாசிப்பும் முடிந்து ஜெபக்குறிப்புகள் வாங்கினேன். பேர் சொல்லலாம் என்கிறவர்கள் கூட்டத்திலேயே சொன்னார்கள். பேர் சொல்லக்கூடாது என்றால் என் காதில் மட்டும் சொல்வது வழக்கம். நான் "ஒரு சகோதரிக்காக" என்று ஜெபிப்பேன். எந்தச் சகோதரி என்று ஆண்டவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். நான் செயலாளர் ஆன நாளிலிருந்து ஒரு சொல் வெளியே போனதில்லை.

முடிந்தபிறகு லேப்டாப்பைத் திறந்து எல்லாருக்கும் விடியல் வசனத்தைக் காட்டினேன். போன வாரம் நானாகத் தேடிப் போட்டது. பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் சின்ன இணைப்பு, எக்ஸ்டென்ஷன் என்கிறார்கள். புதுப்பக்கம் திறக்கும்போதெல்லாம் ஒரு மலைக்காட்சி வரும், மேலே ஒரு வசனம் வரும். காசு கிடையாது. போடும்போது அனுமதி கேட்டது. நீங்கள் போகும் எல்லா இணையதளங்களிலும் உங்கள் தகவல்களை இது வாசிக்கும், மாற்றும் என்று எழுதியிருந்தது. முழுவதும் வாசித்தேன். வாசிக்காமல் அமுக்குகிறவள் இல்லை நான். கொஞ்சம் யோசனையாகத்தான் இருந்தது. பிறகு அதன் சின்னத்தைப் பார்த்தேன், சிலுவை. வாசித்தால் வாசித்துவிட்டுப் போகட்டும், வேதவசனத்திடம் ஒளிக்க என்ன இருக்கிறது என்று சம்மதம் கொடுத்துவிட்டேன்.

"ஏ சாந்தா, எட்டாம் வகுப்போட நின்னவ மாதிரியா இருக்கு? எனக்கும் போட்டுக் கொடு" என்றார் டீச்சர். ஐயரம்மா கோவில் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் போடச் சொன்னார்கள். நாளைக்கே செய்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

எல்லாரும் போனபிறகும் ரஞ்சிதம் போகவில்லை. டம்ளர் கழுவுகிறேன் என்று நின்றாள். கழுவிய டம்ளரையே திரும்பவும் கழுவினாள். பிறகு குழாயை மூடாமலே சொன்னாள். இடது மார்பில் கட்டி. சதை எடுத்துப் பார்த்தாயிற்று. அதுதானாம்.

"ஷீபாவுக்குக்கூடத் தெரியாதுக்கா. அடுத்த மாசம் நிச்சயம் வச்சிருக்கு. அம்மைக்கு வந்தா மவளுக்கும் வரும்பாங்க. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்."

சத்தியம் கேட்டாள். நாங்கள் சத்தியம் செய்கிறவர்கள் இல்லை. சொல்லமாட்டேன் என்றால் சொல்லமாட்டேன்.

ரூபன் அப்பா டீ கேட்டார்கள். முன்பே குடித்தாயிற்று. கொடுத்தேன்.

3 ஜூலை, புதன்

கேஸ் புக் செய்தேன், லேப்டாப்பிலேயே. கோவில் ஆபீசுக்கும் டீச்சர் வீட்டுக்கும் போய் விடியல் வசனம் போட்டுக்கொடுத்தேன்.

மத்தியானம் ரஞ்சிதம் ரிப்போர்ட்டைத் துணிப்பையின் அடியில் வெண்டைக்காய்க்குக் கீழே வைத்துக் கொண்டுவந்தாள். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியின் பக்கத்தில் பேர், வயது, வியாதி, போன் நம்பர் எல்லாம் நான்தான் அடித்தேன். இருபத்தைந்தாம் தேதி வியாழக்கிழமை வரச் சொல்லிப் பதில் வந்துவிட்டது. அன்றே சேர்த்துக்கொண்டு மறுநாள் ஆப்பரேஷன். தள்ளிப்போடக் கூடாது என்றும் போட்டிருந்தது. முந்தின நாள் புதன்கிழமை ரயிலில் எங்கள் இருவருக்கும் இடம் போட்டேன்.

வீட்டில் என்ன சொல்வது என்று பேசினோம். மதுரையில் பெண்கள் மாநாடு என்று சொல்லலாம் என்றாள் ரஞ்சிதம். பொய் வேண்டாம் என்றேன். "ஆஸ்பத்திரியில ஒருத்தரைப் பாக்கணும்னு சொல்லு. டாக்டரைத்தான பாக்கப் போறோம்?" இரண்டு நாளில் அவள் சிரித்தது அப்போதுதான். ஷீபாவின் அப்பா இருந்தால் இத்தனை பாடு இல்லை. அவர் போனபிறகு எல்லா முடிவும் அவள் தலையில்தான்.

"நீங்க வாரதுனாலதான் போறேன். இல்லைன்னா ஆண்டவர் விட்ட வழின்னு இருந்துருவேன்."

5 ஜூலை, வெள்ளி

மாங்காய்க்கு உப்புப் போட்டு வைத்திருந்தேன். ரூபன் அப்பா இன்னொரு தரம் போட்டுவிட்டார்கள். கழுவிக் காயவைத்தேன். நல்ல வெயில்.

7 ஜூலை, ஞாயிறு

கோவிலில் இன்று பாடம் வாசிக்கும் முறை ரூபன் அப்பாவுக்கு. நன்றாக வாசித்தார்கள். முடித்துவிட்டு, முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள். யாரும் அசையவில்லை. நல்ல பகுதி, இரண்டு தரம் கேட்டதில் குறையில்லை என்று டீச்சரிடம் சொன்னேன். அவரும் ஆமாம் என்றார்.

சாயங்காலம் லேப்டாப்பில் சில கட்டுரைகள் வாசித்தேன். எதைப் பற்றி என்று இங்கே எழுதத் தேவையில்லை. மகன் ரூபனுக்கு ஒரு மெயில் அடித்தேன். வெகுநேரம் அடித்தேன். பிறகு, பெங்களூரில் அவன் வேலை மும்முரத்தில் இருக்கிறபோது எதற்கு என்று அனுப்பாமல் அழித்துவிட்டேன்.

9 ஜூலை, செவ்வாய்

கூட்டம் டீச்சர் வீட்டில். போன வாரம் வந்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். "சரீரத்தில் பாடு அனுபவிக்கிற ஒரு சகோதரிக்காக" என்று ஜெபித்தேன். கண்ணைத் திறந்தபோது ரஞ்சிதத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கக் கொஞ்சம் அதிகமாகவே பாடுபட்டேன் என்று தோன்றுகிறது.

டீச்சர் வீட்டு வடை எண்ணெய் குடித்திருந்தது.

10 ஜூலை, புதன்

என்ன எழுதுவது. கை ஓடவில்லை.

பகல் பதினொரு மணி இருக்கும். ரஞ்சிதம் வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை. செருப்பும் போட்டிருக்கவில்லை. காலையில் அவள் போனுக்கு யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் குளித்துக்கொண்டிருந்திருக்கிறாள், ஷீபா எடுத்திருக்கிறாள். "ரஞ்சிதம் மேடம் வீடுங்களா? மேடத்தோட மார்புக் கட்டிக்கு ஆப்பரேஷன் இல்லாம குணப்படுத்துறோம். முதல் பத்துப் பேருக்குச் சலுகை" என்று ஒரு பையன் பேசினானாம். பிள்ளை போனைக் கீழே போட்டுவிட்டு, குளியலறைக் கதவைத் தட்டி "அம்மா, நெசமா அம்மா?" என்று கேட்டதாம்.

"ஊர் டாக்டருக்கு எம் போன் நம்பர் தெரியாது. மதுரைக்காரங்க ஆப்பரேஷன் வேண்டாம்னு ஆள் வச்சுப் பேசமாட்டாங்க. மிச்சம் தெரிஞ்சது நானும் நீங்களுந்தான். ஜெபத்துல சொல்லிட்டீங்களாக்கா?"

இல்லை என்றேன். "ஒரு சகோதரி" என்றுதானே சொன்னேன், நீயும் இருந்தாயே என்றேன்.

"அங்கன இல்ல. வேற எங்கயும்? ஐயரம்மாகிட்ட? பாரமா இருக்குன்னு சொல்லி?"

இல்லை, இல்லை என்று எத்தனை தரம் சொன்னேனோ. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வெறுங்காலோடு அந்தத் தார் ரோட்டில் நடந்து போனாள்.

குழம்பு அடிப்பிடித்துவிட்டது. ரூபன் அப்பா அதையே சாப்பிட்டார்கள்.

12 ஜூலை, வெள்ளி

ஷீபா வந்தாள். கண் வீங்கியிருக்கிறது. "அம்மா மதுரைக்கு வரமாட்டேங்காங்க பெரியம்மா. கல்யாணம் கிடக்கட்டும்மான்னு காலைப் பிடிச்சுட்டேன். இன்னும் மூணு போன் வந்துட்டு. ஒருத்தன் கஷாயம்ங்கான், ஒருத்தி இன்சூரன்சுங்கா. ஊரே சிரிக்குது, இனி ஆஸ்பத்திரி எதுக்குன்னு படுத்துக்கிடக்காங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க. ஆனா உங்க பேரை எடுத்தா எந்திச்சு அடுத்த ரூமுக்குப் போயிருதாங்க."

பிறகு மெதுவாகக் கேட்டாள்: "நீங்க சொல்லலதான பெரியம்மா?"

இந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானத்தன்று கவுன் தைத்துப் போட்டவள் நான்.

13 ஜூலை, சனி

யார் சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொருவராக மனதில் நிறுத்திப் பார்த்தேன். லில்லி அன்று சுவரோரம் நின்றாளோ? குழாய்ச் சத்தத்தில் எப்படிக் கேட்டிருக்கும்? இப்படி நினைப்பதே பாவம். நினைக்காமலும் இருக்க முடியவில்லை. விடியல் வசனத்தைத் திறந்தேன். மேய்ப்பனைப் பற்றிய வசனம் வந்தது. சற்று ஆறுதலாக இருந்தது.

16 ஜூலை, செவ்வாய்

கூட்டம் லில்லி வீட்டில். இருந்தவர்கள்: ஐயரம்மா, டீச்சர், லில்லி, நான். ரஞ்சிதம் வரவில்லை. ஜெபக்குறிப்பு கேட்டேன். ஒன்றுமில்லை, எல்லாரும் சுகம் என்றார்கள். லில்லியின் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை ஏறிக் காலில் புண் என்று எனக்கே தெரியும். அவளும் சுகம் என்றாள்.

வெளியே வந்தபோது என்னைத் தனியாக நிறுத்திச் சொன்னாள்: "கோவிச்சுக்கிடாதீங்க மைனி. உங்க ஜெபம் ஆண்டவரைத் தாண்டி ரொம்பத் தூரம் போவுது. எங்க வீட்டு விஷயம் எங்க வீட்லயே கிடக்கட்டும்."

அன்று வாசலில் ரஞ்சிதம் கேட்டதெல்லாம் அடுத்த வீட்டில் கேட்டிருக்கிறது.

17 ஜூலை, புதன்

உட்கார்ந்து நிதானமாக எழுதவேண்டும். நடந்தது நடந்தபடி.

காலை இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். என் போன் அடித்தது. ஒரு பெண் குரல், தமிழ்தான், கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. "வணக்கங்க. சாந்தகுமாரி மேடமுங்களா? பாக்கியதாஸ் சாரோட ஞாபகமறதி சம்பந்தமாப் பேசறேனுங்க. வீட்டுக்கே வந்து பார்த்துக்கற நர்ஸ் இருக்காங்க."

ரூபன் அப்பாவின் பேர் அவள் வாயில்! கரண்டி மாவுக்குள் விழுந்துவிட்டது. யார் சொன்னது என்றேன்.

"எங்களுக்கு லிஸ்ட் வருமுங்க மேடம். பேரு, நம்பர், என்ன பிரச்சினைன்னு இருக்கும். நான் பார்த்துக் கூப்பிடறேன், அவ்வளவுதானுங்க."

"அந்த லிஸ்டை யாரும்மா எழுதினது?"

"தெரியலைங்க மேடம்." அந்தப் பிள்ளைக்கும் சங்கடமாக இருந்திருக்கவேண்டும், வைத்துவிட்டாள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம் போகவில்லை. ஜெபத்தில்கூட, என் அறைக்குள்கூட, வாய்விட்டுச் சொன்னதில்லை. இந்த நோட்டிலும் எழுதவில்லை. அவர்களைச் சேர்த்து அந்த வார்த்தையை ஒரே ஒரு இடத்தில்தான் வைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அடித்த மெயில். அதுவும் அனுப்பவில்லை.

ரூபனுக்குப் போன் போட்டேன். அனுப்பாத மெயிலை யாராவது வாசிக்க முடியுமா என்றேன். அவன் எடுத்த எடுப்பில், "அம்மா, பிரவுசர்ல புதுசா ஏதாவது போட்டீங்களா?" என்றான். விடியல் வசனத்தைச் சொன்னேன்.

"அது போடறப்ப பர்மிஷன் கேட்டிருக்குமே, வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன். எல்லாப் பக்கத்தையும் வாசிக்கும்னு போட்டிருந்தது."

"வாசிச்சுமா ஓகே குடுத்தீங்க?"

"வேதவசனம்டா ரூபன்."

பிறகு விளக்கினான். நான் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் அது அடிக்கும்போதே எடுத்துக்கொள்ள முடியுமாம், அனுப்பவேண்டும் என்று அவசியமில்லையாம். கேஸ் புக் செய்தபோது எங்கள் இருவர் பேரும் என் நம்பரும் அதற்குக் கிடைத்திருக்கும். அதை முதலில் செய்தவன் நல்லவனாகக்கூட இருந்திருக்கலாம், பிறகு வேறொருவன் விலைக்கு வாங்கியிருப்பான், இப்படி நடக்கிறதுண்டு என்றான். எடுத்ததைத் திரும்ப வாங்கமுடியுமா என்று கேட்டேன்.

"போனது போனதுதாம்மா." பிறகு, "அந்த மெயில்ல எனக்கு என்ன எழுதியிருந்தீங்க?"

"மாங்காய் ஊறுகாய் பத்தி" என்றேன்.

18 ஜூலை, வியாழன்

விடியல் வசனத்தை எடுத்துவிட்டேன். எடுக்கும்போது, ஏன் எங்களைப் பிரிகிறீர்கள் என்று ஒரு பக்கம் திறந்து கேட்டது. பதில் கொடுக்கவில்லை. கொடுத்தது போதும். ரூபன் சொன்னபடி பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் மாற்றினேன்.

டீச்சர் வீட்டில் எடுத்தேன். அவர் முகம் வெளுத்துப்போயிற்று. அந்தக் கம்ப்யூட்டரில் என்ன அடித்தார் என்று நான் கேட்கவில்லை. கோவில் ஆபீசில் ஐயரம்மாவிடம் சொன்னபோது அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். "ஐயாகிட்ட அழுதுக்கிட்டு வாரவங்க மெயிலெல்லாம் இதுலதான சாந்தா இருக்கு! புருசன் பெண்டாட்டி சண்டை, சொத்துச் சண்டை, எல்லாம்." இரண்டு கையாலும் திரையை மூடினார்கள், அது இன்னும் பார்த்துக்கொண்டிருப்பது போல. கைகளை விலக்கச் சொல்லித்தான் எடுக்கவேண்டியிருந்தது.

போதகர் ஐயாவிடம் சொல்லி ஞாயிற்றுக்கிழமை சபையில் அறிவிக்கவேண்டும் என்று முடிவானது. "அதுக்கு முந்தி ரஞ்சிதத்துக்கிட்ட போ" என்றார்கள்.

போனேன். கம்பிக் கதவைத் திறக்காமல் உள்ளே நின்றாள். மெலிந்திருக்கிறாள். எல்லாம் சொன்னேன்.

"நல்லா இருக்குக்கா. ஏவாள் பாம்பு மேல பழியப் போட்டா. நீங்க கம்ப்யூட்டர் மேல போடுதீங்க. வேதவசனம் புறணி பேசிச்சுன்னு இந்த ஊர்ல எவ நம்புவா?"

"அப்போ மதுரை?"

"உங்களோடவா?" என்றாள்.

அவளை நம்பவைக்க என்னிடம் ஒன்று இருந்தது. எனக்கு வந்த போன். தொண்டைவரை வந்தது. மழை வருகிற மாதிரி இருந்தது, கொடியில் துணி கிடந்தது, வந்துவிட்டேன்.

மழை வரவில்லை.

20 ஜூலை, சனி

ரூபன் அப்பா பால் வாங்கப் போனார்கள். வெகுநேரம் கழித்து லில்லியின் வீட்டுக்காரர், புண் காலோடு, அவர்கள் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். பேசிக்கொண்டே வந்தோம், வழி தெரியவில்லை என்றார். நல்ல மனிதர். பால் இல்லை. கடுங்காப்பி போட்டேன்.

21 ஜூலை, ஞாயிறு

ஐயா சபையில் அறிவித்தார்கள். என் பேர் சொல்லவில்லை, "ஒரு சகோதரி" என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்க எப்படியிருக்கும் என்று இன்று தெரிந்தது. எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. ரஞ்சிதம் வந்திருக்கவில்லை.

மத்தியானம் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். என் போன் முன்னறையில் அடித்தது. எழுந்து கைகழுவுவதற்குள் ரூபன் அப்பா எடுத்துவிட்டார்கள். வேறு ஆள் போலப் பேசும் அவர்கள் குரல் கேட்டது. "பாக்கியதாஸா? வெளிய போயிருக்காரு. என்ன விஷயம்? … எவ்வளவு நாளா? … அப்படியா. … அப்படியா."

அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றார்கள், போன் இன்னும் கையில். ஷீபா குளியலறைக் கதவைத் தட்டிக் கேட்டது மாதிரியே கேட்டார்கள்.

"சாந்தா, எனக்கு என்னமோ ஆயிட்டுன்னு ஒருத்தி சொல்லுதா. நெசமா?"

என் கையெல்லாம் செதில். அந்தச் சேதியை அவர்கள் என் வாயால் கேட்டிருக்கவேண்டும், சொல்லும் நேரத்தை நான் தேர்ந்தெடுத்திருக்கவேண்டும். அதையும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். முகம் தெரியாத யாரோ, மீன் குழம்புக்கு முந்தி.

நெசம்தான் போலிருக்கு என்றேன்.

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். "கோவில்ல ரெண்டு தரம் வாசிச்சேம்லா. பாதியிலயே தெரிஞ்சுட்டு. நிறுத்தினா எல்லாருக்கும் தெரிஞ்சுருமேன்னு கடைசி வரைக்கும் வாசிச்சேன். நீ ஒண்ணும் கேக்கல. அதான் நானும் சொல்லல." பிறகு, "உப்பும் நாந்தான?"

"ஆமா."

"மாங்காய் வீணாப் போச்சா?"

"கழுவிட்டேன். வெயில் நல்லா அடிச்சுது."

இருவரும் அழுதோம். சிரிக்கவும் செய்தோம். பூனை ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு போனது.

சாப்பிட்டபிறகு ரஞ்சிதம் கதையை முழுவதும் சொன்னேன். மறந்தாலும் மறப்பார்கள் என்று நினைத்துச் சொல்லவில்லை, மறைத்துக் களைத்துவிட்டேன். கேட்டுவிட்டு, "எனக்கு வந்த போனைச் சொன்னா அந்தப் பிள்ளை நம்புமா?" என்றார்கள்.

"நம்புவா. ஆனா உங்க விஷயம் அவளுக்குத் தெரிஞ்சுரும். சொல்லட்டுமா?"

அவர்கள் யோசித்தார்கள். உண்மையாகவே யோசித்தார்கள், நான் காத்திருந்தேன். "சொல்லு. ரஞ்சிதத்துக்குச் சொல்லு. மத்தவங்களுக்குச் சொல்லணும்னா மறுபடி என்னைக் கேளு. மறந்திருந்தாலும் கேளு."

22 ஜூலை, திங்கள்

ரஞ்சிதத்துக்கு ஒரு கடிதம் ஷீபாவிடம் கொடுத்தனுப்பினேன். லேப்டாப்பில் அடிக்கவில்லை, கையால் எழுதினேன். இங்கே பார்த்தெழுதி வைக்கிறேன்.

அன்புள்ள ரஞ்சிதம்,

அன்று உன் வாசலில் நான் சொல்லாமல் வந்தது ஒன்று உண்டு. ரூபன் அப்பாவுக்கு ஞாபகம் தப்புகிறது. கோவிலில் நீயும் பார்த்தாய். அதை நான் எந்த மனிதரிடமும் சொன்னதில்லை. லேப்டாப்பில் ஒரே ஒரு தரம் அடித்து, அழித்துவிட்டேன். போன புதன்கிழமை ஒரு பெண் அதைச் சொல்லி எனக்குப் போன் செய்தாள். நேற்று இன்னொருத்தி அவர்களிடமே சொல்லிவிட்டாள். உன் வீட்டில் ஷீபா நின்ற இடத்தில் என் வீட்டில் அவர்கள் நின்றார்கள். உன்னுடையதை எடுத்த கைதான் என்னுடையதையும் எடுத்தது. அந்தக் கைக்குக் கதவைத் திறந்துவிட்டவள் நான்தான், அதை மறுக்கவில்லை. உன் விஷயத்தை என் வாய் சொல்லவில்லை, அதை மட்டும் நம்பு.

இதை உனக்குச் சொல்லலாமா என்று அவர்களிடம் கேட்டுச் சம்மதம் வாங்கித்தான் எழுதுகிறேன். உன்னோடு வைத்துக்கொள்.

என்மேல் உள்ள கோபம் இருக்கட்டும். அதைத் திரும்பி வந்தும் வைத்துக்கொள்ளலாம். கட்டி காத்திருக்காது. மதுரை ரயிலில் புதன்கிழமைக்கு இரண்டு இடம் நம் பேரில் அப்படியே இருக்கிறது, ரத்து செய்யவில்லை. நான் வருவது பிடிக்கவில்லை என்றால் எனக்குப் பதில் ஷீபா வரட்டும், அவளுக்கு டிக்கெட் எடுத்துக்கொடுக்கிறேன். ஸ்டேஷன்வரை பையைத் தூக்கிவந்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். ரூபன் அப்பாவை நாலைந்து நாள் பார்த்துக்கொள்ள லில்லியின் வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். காரணம் அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

வருகிறாயா, இல்லையா? நாளை மத்தியானத்துக்குள் ஷீபாவிடம் சொல்லி அனுப்பு. போனில் வேண்டாம். சீக்கிரம் பதில் சொல்லு.

சாந்தக்கா